ஏழாம் வகுப்பு, கைப் பிரிவு

பொங்கல் கழிந்த இரண்டாவது வாரம், செங்கம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு தனியார் பள்ளியில் புதுக் கட்டடத்துக்குத் தளம் போடுகிற வேலை வந்தது. ராஜமாணிக்கம் மேஸ்திரி இருபது ஆள் சேர்த்திருந்தார். பாஞ்சாலைக்கு மூன்று நாளாக இடுப்பு பிடித்திருந்தது. வேறு இடமாக இருந்தால் வரவில்லை என்று சொல்லியிருப்பாள். எந்தப் பள்ளி என்று கேட்டதும் வருகிறேன் என்றாள். அவள் மகள் கவிநிலா அங்கேதான் ஏழாவது படித்தாள்.

அது எல்.கே.ஜி.யில் குலுக்கலில் விழுந்த இலவச இடம். ஒன்பது வருஷத்தில் பாஞ்சாலை அந்தப் பள்ளியின் கேட்டையும் கேட்டுக்குப் பக்கத்து அறையையும் தவிர எதையும் பார்த்ததில்லை. கீழ்பென்னாத்தூரைத் தாண்டி இருக்கும் அவர்கள் ஊருக்கு வேன் வரும், பெண் ஏறிக்கொள்வாள், சாயங்காலம் இறங்குவாள். புருஷன் தருமன் பெங்களூரில் கட்டட வேலை. அவர்கள் இரண்டு பேரும் எல்லாவற்றுக்கும் சண்டை போடுவார்கள், ஒன்றைத் தவிர. மகள் கூலி வேலை தெரியாமல் வளர வேண்டும். கவிநிலா விளக்குமாற்றைத் தொட்டதில்லை. குடம் தூக்கியதில்லை. கடலைக்காய் பறிக்கிற நாளில் தெருவே கொல்லையில் கிடக்கும்போது அவள் வீட்டுக்குள் ஃபேனைப் போட்டுக்கொண்டு படிப்பாள். பஜ்ஜி கட்டி வந்த காகிதத்தைக்கூட எண்ணெயோடு விரித்து ஒரு எழுத்து விடாமல் படிக்கிற பெண். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் கொடுக்கிற மனுவை ஐந்தாவது படிக்கும்போதே தெருவுக்கெல்லாம் எழுதிக் கொடுத்தாள்.

காலை எட்டு மணிக்குக் கலவை ஓட ஆரம்பித்தது. மேலே ஏற்றும் மிஷின் வேறு வேலைக்குப் போய்விட்டதால் சாரத்தில் படிப்படியாக ஆள் நிறுத்தி, சட்டியைக் கைமாற்றித்தான் ஏற்ற வேண்டும். பாஞ்சாலை மூன்றாவது படி. அவளுக்குக் கீழே தனம். இரண்டு பேரும் பதினைந்து வருஷமாக ஒன்றாக வேலை செய்கிறவர்கள்.

"இங்கிருந்து பாத்தா கிளாசு தெரியுது பாரு," என்றாள் பாஞ்சாலை. "எம்பொண்ணு படிக்கிறத இன்னிக்குப் பாத்துடுவேன்."

"பாத்து இன்னா பண்ணப் போற? கணக்குச் சொல்லித் தரப் போறியா?"

"சும்மாதான்டி. சினிமா பாக்கறதில்ல?"

"சினிமா பாக்கறேன்னு எந்தலையில ஜல்லியைக் கொட்டிடாத. வண்டியில வரும்போதே உனக்குப் பல்லு வாயில நிக்கல."

எதிரே பழைய கட்டடம். முதல் மாடியில் ஏழாம் வகுப்பு என்று பலகை. மூன்று அறைகள். போன ஜூனில் பள்ளிக்கூடத்தில் புதுசாக ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். பிள்ளைகளை ஏ, பி, சி என்று பிரிக்காமல் கண், காது, கை என்று பிரித்தார்கள். கண் பிரிவுக்கு நீல பேட்ஜ், காதுக்கு மஞ்சள், கைக்குப் பச்சை. கவிநிலா பச்சை பேட்ஜ் குத்திக்கொண்டு வந்தபோது பாஞ்சாலைக்கு அது அழகாக இருந்தது, அவ்வளவுதான். பெண் வீட்டுப்பாடம் எழுதுவது நின்றுவிட்டது. பை லேசாகிவிட்டது. சீருடையில் செம்மண் ஒட்டி வந்தது. கேட்டதற்கு "ப்ராஜெக்ட்டும்மா" என்றாள். பாஞ்சாலை மூன்றாவதோடு நின்றவள். ப்ராஜெக்ட் என்றால் பெரிய படிப்பு என்று நினைத்துச் சோப்புப் போட்டாள். ரேங்க் கார்டில் எல்லாம் ஏ பிளஸ்.

சட்டியை வாங்கி மேலே தள்ளிவிட்டு, அடுத்த சட்டி வருவதற்குள் ஜன்னலைப் பார்த்தாள். முதல் அறையை இருட்டாக்கிப் பெரிய திரையில் படம் ஓடவிட்டிருந்தார்கள். பிள்ளைகள் அண்ணாந்து உட்கார்ந்திருந்தன. கடைசி வரிசையில் ஒருவன் வாயைத் திறந்தபடி தூங்கினான். இரண்டாவது அறையில் டீச்சர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் திருப்பிச் சொல்லின. மூன்றாவது அறை காலி. பெஞ்சுகளைச் சுவரோரம் ஒதுக்கியிருந்தார்கள். கரும்பலகையில் ஒன்றுமே எழுதியில்லை.

"வெளையாட்டு பீரியடு போல," என்று தனத்திடம் சொன்னாள்.

பத்து மணிக்கு வெயில் ஏறியது. கீழே, லாரி இறக்கிவிட்டுப் போன செங்கல் குவியலிலிருந்து கட்டடத்தின் பின்பக்கத்துக்குக் கல் போய்க்கொண்டிருந்தது. பாஞ்சாலை சட்டிகளுக்கு நடுவில் அந்தப் பக்கம் பார்த்தாள். முதலில் அவள் கண்ணில் பட்டது ஒரு நடை. தலையில் ஆறு கல், ஒன்றின் மேல் ஒன்றாக. இரண்டு கையும் தொங்க, கழுத்து அசையாமல், முழங்காலை லேசாக மடித்து, மேடு பள்ளத்தில் கால் தானாக இடம் தேடிப் போகிற நடை. அப்படி நடக்க அவளுக்கே இரண்டு வருஷம் ஆனது. யார் வீட்டுப் பெண்ணோ, நல்ல ஆள், மேஸ்திரியிடம் சொல்லி நம்ம செட்டில் சேர்த்துக்கொள்ளலாம் என்றுகூட ஒரு நொடி நினைத்தாள்.

அந்தப் பெண் திரும்பியது. சிவப்பு ரிப்பன் போட்ட இரட்டைச் சடை. விடிகாலையில் அவள் கையால் பின்னிய சடை.

தனம் நீட்டிய சட்டியை அவள் வாங்கவில்லை. வாங்கினதாக நினைத்துத் தனம் கையை விட்டுவிட்டாள். கலவை சாரத்தில் சிந்திக் கீழே கொட்டியது.

"யேய் பாஞ்சால, கை இன்னா வாழத்தண்டா?" என்று மேலிருந்து மேஸ்திரி கத்தினார். "லைன் நிக்குது பாரு."

"அது உன் பொண்ணு இல்ல?" என்றாள் தனம்.

பாஞ்சாலை சாரத்திலிருந்து இறங்கினாள். மேஸ்திரி என்னென்னமோ சொன்னார். காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை.

பதினாறு பிள்ளைகள். எல்லோரும் பச்சை பேட்ஜ். டையைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்திருந்தார்கள். கைக்குட்டையையும் பழைய துணியையும் சுருட்டிச் சும்மாடு கட்டியிருந்தார்கள். சின்னதாக ஒரு பெண் இரண்டே கல்லை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மூச்சு வாங்க வந்தது. "பூஜா, தலையில வைடி, அப்படித் தூக்குனா கை போயிடும்," என்று கவிநிலா அதற்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. வெட்கமோ பயமோ ஒன்றும் இல்லை.

"அம்மா, நீ இன்னா இங்க?"

"நீ இன்னாடி பண்ற இங்க?"

"மேத்ஸ்மா."

பாஞ்சாலை செங்கல் குவியலைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள்.

"ஒரு நடைக்கு ஆறு கல்லு. நூத்தியெம்பது கல்லுக்கு எத்தினி நடைன்னு தூக்கிப் பாத்துக் கண்டுபிடிக்கணும். நாந்தான் லீடர்."

"எத்தினி நடை?"

"இன்னும் தூக்கி முடிக்கலம்மா."

"முப்பது நடைடி," என்றாள் பாஞ்சாலை. இந்தப் பெண் நாலாவதில் வாய்ப்பாட்டைப் பதினாறு வரைக்கும் தலைகீழாகச் சொன்னவள்.

நோட்டும் கையுமாக நிழலில் நின்றிருந்த வாத்தியார் ஓடி வந்தார். சின்ன வயசு. கழுத்து அட்டையில் புகழேந்தி என்று இருந்தது. "அம்மா, பிள்ளைங்க இருக்கற பக்கம் வேலையாளுங்க வரக்கூடாதுங்க."

"நான் இவளப் பெத்தவ, சார். வேலையாளா இங்க ரெண்டு பேரு கீறோம், நானும் இவளும்."

அவர் முகம் மாறியது. சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இப்படி எடுத்துக்கக் கூடாதும்மா. பிள்ளைங்க மூணு விதமா கத்துக்குவாங்க. சிலருக்குப் பாத்தா ஏறும், சிலருக்குக் கேட்டா ஏறும். இவங்க தொட்டு, தூக்கி, செஞ்சு கத்துக்கிற பிள்ளைங்க. உக்கார வெச்சு நடத்துனா இவங்களுக்கு ஏறாது."

"யார் சார் சொன்னது?"

"டெஸ்ட் வெச்சோமே ஜூன்ல." அவர் தயங்கினார். "பெத்தவங்களைத்தான் கேட்டோம். நீங்கதான் சொல்லியிருப்பீங்க."

"நானா?"

"மொதல்ல களிமண்ணு, பேப்பர்னுதான்மா இருந்துச்சு. அப்பால தோட்டம். கட்டட வேலை ஆரம்பிச்சதும் மணலு சலிக்கறது, கல்லுன்னு..." அவர் நோட்டை மூடினார். "மேடத்தப் பாருங்க. நான் கூட்டிட்டுப் போறேன்."

பாஞ்சாலை வரிசையை இன்னொரு தரம் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த முகங்கள் நாலைந்து இருந்தன. அவர்கள் ஊர் நிறுத்தத்தில் வேன் ஏறுகிற பிள்ளைகள். ஆடு மேய்க்கிறவர் பேத்தி. அறுப்புக்குப் போகிறவள் மகன். பஜாரில் கடை வைத்திருக்கிறவர்கள் பிள்ளை ஒன்றுகூட இல்லை.

மேடம் பெயர் அருணாதேவி. அறையில் ஏ.சி. ஓடியது. சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று, ரமணாசிரமம் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் நடந்த மூன்று நாள் பயிற்சிக்குக் கொடுத்தது. காலில் சிமெண்டோடு உட்காரக் கூசிப் பாஞ்சாலை நின்றாள். மேடம் கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார். ஒரு ஃபைலை எடுத்து அவர் பக்கமே வைத்துக்கொண்டு படித்தார்.

"கவிநிலா. 'சும்மா உட்கார மாட்டாள். எந்த வேலை கொடுத்தாலும் செய்வாள். ஒரு தடவை பார்த்தால் போதும், கையால் செய்துவிடுவாள். கை ஓயாது.' கீழ கையெழுத்து உங்களோடதுதானே?"

மேடம் ஃபைலைத் திருப்பிக் காட்டினார். அவளுடையதுதான். பாஞ்சாலை என்ற நாலு எழுத்தும் கோணிக்கொண்டு நின்றன.

அந்த நாள் அவளுக்கு நினைவு வந்தது. கேட்டுக்குப் பக்கத்து அறையில் ஒரு டீச்சர் பேனாவோடு உட்கார்ந்துகொண்டு, உங்க பொண்ணு வீட்ல எப்படி, உக்காந்து படிப்பாளா, ஏதாவது செஞ்சுக்கிட்டே இருப்பாளா என்று கேட்டாள். அவர்கள் ஊரில் ஒரு பெண்ணைப் பற்றி அப்படிக் கேட்டால் அதற்கு ஒரே பதில்தான் உண்டு. எந்நேரமும் குந்திக்கொண்டிருக்கும் என்று எவளாவது சொல்வாளா? சொன்னால் பெண் சோம்பேறி, பெற்றவள் வளர்த்த லட்சணம் சரியில்லை என்று ஆகும். பெண் பார்க்க வந்தவர்களிடமும் அதைத்தான் சொல்வார்கள், களையெடுக்கக் கூப்பிட வந்தவர்களிடமும் அதைத்தான் சொல்வார்கள். பாஞ்சாலையும் சொன்னாள். பாத்திரம் தேய்ப்பாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவாள் என்று அடுக்கினாள். அவர்கள் வீட்டில் மாடே கிடையாது. டீச்சர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள். நல்ல பெயர் வாங்கிவிட்ட சந்தோஷத்தில் பாஞ்சாலை ஊருக்குப் போய் இரண்டு பேரிடம் சொன்னாள்.

அங்கே கல் தூக்குகிற பதினாறு பிள்ளைகளின் தாய்மார்களும் இதே வாயால் இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

"மேடம், அது பொய்," என்றாள்.

"என்னது?"

"நான் சொன்னது எல்லாம் பொய் மேடம். அவ ஒரு வேலையும் செய்ய மாட்டா. குடிச்ச டம்ளரை எடுத்து வெக்க மாட்டா. குந்திக்கினு படிச்சுக்கினே இருப்பா. பொட்டப்புள்ள அப்படின்னா நீங்க இன்னா நெனப்பீங்களோன்னு மாத்திச் சொல்லிட்டேன். அவளை மறுபடியும் புஸ்தகம் படிக்கிற எடத்துல போடுங்க."

அருணாதேவி ஃபைலை மூடி வைத்தார். பிறகு மெதுவாகச் சிரித்தார். "எல்லா அம்மாவுக்கும் பிள்ளை டாக்டர் ஆகணும்னு ஆசை இருக்கும். தப்பில்ல. ஆனா நீங்க சொன்னது பொய்யா இருந்தா அவளுக்கு இவ்வளவு நல்லா எப்படி வருது? அந்த குரூப்புலயே அவதான் பெஸ்ட். போட்டோவெல்லாம் இருக்கு பாருங்க." ஃபோனை நீட்டினார். முழங்கை வரைக்கும் மண்ணோடு கவிநிலா, பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு. "ஏழு மாசத்துல எப்படி மாறியிருக்கா. டெஸ்ட் தப்புன்னா ரிசல்ட் வராதே."

உடம்பைக் கொடுத்துப் பழக்கினால் எவளுக்கும் வரும் என்பது பாஞ்சாலைக்குத் தெரியும். அவளுக்கும் அப்படித்தான் வந்தது. அதை ஏ.சி. அறையில் எந்த வார்த்தையில் சொல்வது என்று தெரியவில்லை.

புகழேந்தி கவிநிலாவைக் கூட்டி வந்தார்.

"நீயே சொல்லு கவி," என்றார் மேடம். "கண் பிரிவுக்கு மாறணுமா? அம்மா கேக்கறாங்க."

"வேணாம் மேடம்."

"ஏண்டி?" என்றாள் பாஞ்சாலை.

"எனக்குப் படிச்சா ஏறாதும்மா. உனக்குத் தெரியாது." குழந்தைக்கு விளக்குகிற மாதிரி பொறுமையாகச் சொன்னாள். "நான் கை."

பாஞ்சாலை எத்தனையோ தளத்திலிருந்து ஆள் விழுந்து பார்த்திருக்கிறாள். அப்போதும் அவள் இப்படிப் பதறியதில்லை.

"டிசி குடுத்துடுங்க மேடம்," என்றாள்.

"அவசரப்படாதீங்க."

"குடுத்துடுங்க. எங்க ஊரு கவர்மெண்டு ஸ்கூல்ல ஏழாவதுக்கு ஒரே கிளாசுதான் இருக்கு. அது போதும்."

"லெட்டர் எழுதித் தரணும்."

"இவ எழுதுவா."

மேசை ஓரத்தில் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் வைத்தார்கள். கவிநிலா நின்றபடியே குனிந்து 'அனுப்புநர்' என்று எழுதினாள். பெயர், ஊர் எழுதினாள். 'பெறுநர்' எழுதினாள். அதோடு பேனா நின்றது. உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்தாள். மறுபடி பிடித்தாள்.

"சார், அப்பால இன்னா எழுதணும்?"

புகழேந்தி மேடத்தைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியும்," என்றாள் பாஞ்சாலை. "நம்ம தெருவுக்குத் தண்ணி வரலன்னு எழுதுனியே. தனம் அத்தையோட மாமியாருக்கு ஓ.ஏ.பி. பென்ஷன் வேணும்னு எழுதுனியே."

"அது அப்பம்மா. இப்ப எங்க பிரிவுல எழுதறது இல்ல."

"எழுது."

அரை மணி நேரம் ஆனது. அதற்குள் மேஸ்திரி ஆள் அனுப்பினார். பிறகு அவரே வந்து கதவருகில் நின்று, மேடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, "பாஞ்சால, வர்றியா, உன் எடத்துக்கு ஆள் போடட்டுமா?" என்று கேட்டார். "போட்டுக்க மேஸ்திரி," என்றாள் திரும்பிப் பார்க்காமல். ஏழு வரிக் கடிதம் அது. கவிநிலா இரண்டு வரியை அடித்து எழுதினாள். எழுத்து மேலே ஏறிக் கீழே இறங்கியது. பாஞ்சாலை அதை வாங்கி, சரளமாகப் படிக்கத் தெரிந்தவள் மாதிரி முழுக்கப் பார்த்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

சண்டை வரும் என்றுதான் நினைத்திருந்தாள். தடுப்பார்கள், மிரட்டுவார்கள், கெஞ்சவாவது செய்வார்கள். அருணாதேவி கடிதத்தில் தேதி போட்டு ஒரு தட்டில் வைத்தார். "வியாழக்கிழமை வந்து வாங்கிக்குங்க," என்றார். "ஆல் தி பெஸ்ட் கவி." பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒன்பது வருஷம் அவ்வளவு நேரத்தில் முடிந்துவிட்டது.

வெளியே வந்ததும் கவிநிலா அழுதாள். சத்தமில்லாமல், கோபத்தில் வருகிற அழுகை.

"நீ இன்னா வேல பண்ணிட்ட தெரியுமா? இதுக்கு முன்ன எவளும் என்கூடப் பேச மாட்டாளுங்க. வேன்ல வர்ற கும்பல்னுவாளுங்க. கைப் பிரிவுலதான் எனக்கு எல்லாரும் கை தட்டுனாங்க. லீடர் போட்டாங்க. நீ வந்து கெடுத்துட்ட."

பாஞ்சாலை அவளைத் தொடப் போனாள். அவள் தள்ளி நடந்தாள். ஷேர் ஆட்டோவில் பேருந்து நிலையம் வந்து, கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்கள். நடுப்பகல், பஸ்ஸில் கூட்டம் கம்மி. பாஞ்சாலையின் சேலையில் கலவை காய்ந்து மொறமொறவென்று நின்றது. மகள் ஜன்னலோரம். கடை போர்டுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. அவள் ஒன்றையும் படிக்கவில்லை. தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள்.

டவுனைத் தாண்டியதும் பாஞ்சாலைதான் ஆரம்பித்தாள். ஏதாவது பேச வேண்டும் என்று பேசினாள்.

"மேஸ்திரி இந்நேரம் என் எடத்துக்கு வேற ஆள் போட்டிருப்பாரு."

கவிநிலா கண்ணைத் திறக்கவில்லை.

"உன் எடத்துக்கும் போட்டிருப்பாங்க. யார் போனாலும் எதுவும் நிக்காது."

"பூஜாவப் போட்டிருப்பாங்க," என்றாள் கவிநிலா. கண்ணைத் திறந்து, கொஞ்சம் யோசித்தாள். பிறகு உதட்டைப் பிதுக்கினாள். "ஆவாது. அவ ரெண்டு கல்லுக்கு மேல தாங்க மாட்டா. பாதி நாள்ல படுத்துடுவா. அந்தக் கலையரசன் இருக்கான் பாரு, அவனைப் போடலாம். தோளு நல்லாக் கீது அவனுக்கு."

பாஞ்சாலை மகளைத் திரும்பிப் பார்த்தாள். கண்டக்டர் வந்து நின்று எந்த ஊர் என்று இரண்டு தடவை கேட்டார். கவிநிலாதான் சொன்னாள்.